மாப்பிள்ளைக்குப் பதிலாக அண்ணன்

லியோன்: கைய ஆட்டாத ரெனாட்டா. ஒத்திகையிலேயே மோதிரம் நழுவுது.

ரெனாட்டா: நழுவாம என்ன செய்யும்? இது கிளாரா அக்கா விரலுக்கு அளவெடுத்தது.

லியோன்: நூல் சுத்தித் தரச் சொல்லியிருக்கேன்.

ரெனாட்டா: அக்காவுக்குப் பாத்த மாப்பிள்ள, அக்காவுக்குச் செஞ்ச மோதிரம்... அம்மை வந்து அவ போய் ஒரு வருஷம்கூட ஆகல.

லியோன்: மெதுவா. பாதிரியார் காதுல விழும்.

ரெனாட்டா: விழட்டுமே. வேற எந்த வீட்லயாவது மாப்பிள்ளைக்குப் பதிலா பொண்ணோட அண்ணன் நின்னு மோதிரம் போடுவானா?

லியோன்: நம்ம அரச குடும்பத்துல காலங்காலமா போடுறான். மோதெனாவுலேருந்து இளவரசர் மலை தாண்டி வியன்னா வர்றதுக்குள்ள ரெண்டு அரசாங்கமும் மனசு மாறிட்டா? அதான் கல்யாணத்த இங்கேயே முடிச்சு, பொண்ண மட்டும் அனுப்புறது.

ரெனாட்டா: மூட்டை மாதிரி.

லியோன்: மூட்டைக்கு ரெண்டு குதிரைதான். உனக்கு எட்டு.

ரெனாட்டா: சிரிப்பு வரலண்ணா. எல்லையில கூடாரத்துல நிக்க வச்சு, நம்ம ஊர்த் துணியெல்லாம் கழட்டிட்டு அவங்க ஊர்த் துணி மாட்டுவாங்களாமே? பிப்போவக்கூட திருப்பி அனுப்பிடுவாங்களாம்.

லியோன்: நாய நான் பாத்துக்கிறேன். போதுமா?

ரெனாட்டா: அண்ணா... நாளைக்கு 'சம்மதம்'னு நான் சொல்லலன்னா?

லியோன்: ...என்ன பேச்சு இது?

ரெனாட்டா: நிஜமாத்தான். போன வருஷம் நீ மோதெனா போய் அவர நேர்ல பாத்தவன். நல்லவருன்னு நீ சொன்னாப் போறேன். இல்ல, அத்தன பேரு முன்னாலயும் மாட்டேன்னுடுவேன்.

லியோன்: எத்தன தடவ சொல்றது? நல்ல மனுஷன்.

ரெனாட்டா: 'நல்ல மனுஷன்'னு தூதரும்தான் சொல்றாரு. நீ பாத்ததச் சொல்லு.

லியோன்: ம்... வயலின் வாசிப்பாரு. படு மோசமா.

ரெனாட்டா: உன்ன மாதிரியா?

லியோன்: என்ன விட... கொஞ்சம் தேவல. காலையில ரொட்டிய சாக்லேட் பானத்துல முக்கித் தின்பாரு. மேலெல்லாம் சிந்திக்குவாரு.

ரெனாட்டா: அடேயப்பா. இடி இடிச்சா?

லியோன்: இடிச்சா... ஜன்னலச் சாத்திட்டு, சத்தமா ஏதாவது பாடுவாரு. பக்கத்துல இருக்கறவங்க பயப்படக் கூடாதுன்னு.

ரெனாட்டா: கோவப்படுவாரா?

லியோன்: பட்டாலும் சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான். அப்புறம் அவரே வந்து பேசிடுவாரு.

ரெனாட்டா: கைக்குட்டை இருந்தா குடுண்ணா.

லியோன்: என்ன, அழறியா?

ரெனாட்டா: இல்ல. சிரிக்கிறேன்.

லியோன்: ரெனாட்டா... நான் ஒண்ணு சொல்லணும். மோதெனாவுல...

ரெனாட்டா: வேணாம். சொல்லாத.

லியோன்: இல்ல, மனசு உறுத்துது. நாளைக்கு நீ என் வார்த்தைய நம்பி...

ரெனாட்டா: நீ மோதெனா போகவே இல்ல. பாதி வழியில, இன்ஸ்ப்ரூக்குல இருபது நாள் காய்ச்சல்ல கிடந்துட்டு அப்படியே திரும்பிட்ட. உன் வண்டிக்காரர் அன்னிக்கே சொல்லிட்டாரு.

லியோன்: ...தெரிஞ்சுமா கேட்ட? அப்போ நாளைக்கு... சம்மதம் சொல்ல மாட்டியா?

ரெனாட்டா: சொல்லுவேன். நான் மாட்டேன்னா, இதே மோதிரத்துல இன்னும் நாலு சுத்து நூல் சுத்தி, நம்ம தங்கச்சி, பதினோரு வயசு லிசல் விரல்ல மாட்டுவாங்க. அதுக்குப் பயந்துதானே நீயும் பொய் சொன்ன? நல்ல மனுஷன்னு சொல்ல உனக்கு வேற ஆள் தெரியல, அவருன்னு சொல்லி உன்னையே சொல்லிட்ட... பரவாயில்ல. அந்த இடி விஷயத்த மட்டும் இன்னொரு தடவ சொல்லுண்ணா. வழியில மலையெல்லாம் மழையா இருக்குமாம்.