கம்பத்தடிச் சாட்சி

அம்பயராகப் போனால் கிடைப்பது ஒரு வேளைச் சாப்பாடுதான், சார்ஜெண்ட். சம்பளமெல்லாம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ரெஃப்ரீ தன்னுடைய நாலு அம்பயர்களையும் வழியில் ஏதாவது ஓட்டலில் உட்காரவைத்து மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொடுப்பான். ஃபீலிம் அந்த விஷயத்தில் தாராளமானவன். இரண்டாம் தடவை குழம்பு கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டான். நான் பல வருஷம் அவன் வாங்கிக்கொடுத்ததைச் சாப்பிட்டவன். அதை முதலில் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

நீங்கள் டப்ளினில் ரக்பி பார்த்து வளர்ந்தவர் என்று கேள்விப்பட்டேன். அதனால் எங்கள் ஐரிஷ் 'கேலிக்' கால்பந்தில் ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். ரெஃப்ரீயை மாவட்டச் சங்கம் அனுப்பும். அம்பயர்களை அனுப்பாது. அவர்களை ரெஃப்ரீயே தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான். தம்பி, மச்சான், பக்கத்துப் பண்ணைக்காரன் என்று யாரை நம்புகிறானோ அவர்களை. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கம்பத்துக்கு ஒருவராக நிற்போம், கொடி காட்டுவோம். இன்னொரு வேலையும் உண்டு. ரெஃப்ரீயின் முதுகுக்குப் பின்னால் நடப்பதைப் பார்த்து அவன் காதில் போடுவது. போட்டவன் பெயர் வெளியே வராது. தீர்ப்பும் ரெஃப்ரீயுடையது, வசவும் ரெஃப்ரீயுடையது.

ஃபீலிமும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உதை வாங்கினவர்கள். அவன் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். பார்த்தான் என்று சொல்ல வேண்டும், இன்னும் பழக்கம் வரவில்லை. இந்தப் பக்கத்துப் பண்ணைகள் எல்லாவற்றிலும் அவன் கை பட்டிருக்கும். அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணில் பட்டதைத்தான் கொடுப்பான், படாததைக் கொடுக்க மாட்டான். மைதானத்தில் அவனை ஏசாத வாய் இல்லை. "ஏய் ஃபீலிம், கண்ணாடிய மாட்டுக்கு மாட்டிட்டு வந்துட்டியா?" என்று கத்துவார்கள். மறுநாள் காலையில் மாடு கறக்க இயந்திரம் ஓடவில்லை என்றால் அதே வாய்தான் அவனுக்குப் போன் போடும். அவனும் போவான்.

போன அக்டோபரில் மாவட்ட அரையிறுதி. கில்டோராவும் ஆர்டனும். கில்டோராக்காரர்கள் அப்பன் காலத்துக்குப் பிறகு கோப்பையைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களுடைய கேப்டன் யூனன், மூன்றாம் நம்பர் சட்டை, கோல் கம்பத்துக்கு முன்னால் நிற்கிறவன். முட்டி இரண்டிலும் பட்டை சுற்றிக்கொண்டு ஆடினான். அதுதான் அவனுக்குக் கடைசி வருஷம் என்று ஊருக்கே தெரியும்.

பந்து மறுகோடியில் இருந்தது. என்னோடு நின்ற அடுத்த கம்பத்து அம்பயர், பாவம், வெளியே போன ஒரு பந்தை எடுக்க முள்ளுச்செடிக்குள் இறங்கியிருந்தான். திடீரென்று ஆர்டன் பையன் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டிருந்தான். விரல் சந்தில் ரத்தம். பக்கத்தில் யூனன். கூட்டம் எழுந்து கத்தியது. ஃபீலிம் அந்தக் கோடியிலிருந்து மழைச் சேற்றில் ஓடி நேரே என்னிடம் வந்தான்.

"மாலக்கி, என்ன நடந்துச்சு?"

"மூணாம் நம்பர். மூடின கை. மூக்கு மேலயே."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பி நடந்து சிவப்பு அட்டையை எடுத்தான். யூனன் கத்தவில்லை. "ஃபீலிம், நான் அவனத் தொடவே இல்ல. அவன்கிட்டயே கேளுங்க" என்றான். ஆர்டன் பையன் மூக்கைப் பிடித்தபடி தரையைப் பார்த்தான். தனக்கு லாபமாக முடிகிற இடத்தில் எவன் வாயைத் திறப்பான்?

கில்டோரா ஒரு ஆள் குறைவாக ஆடியும் ஜெயித்தது. ஆனால் அடித்ததற்குச் சிவப்பு என்றால் அந்த ஆளுக்கு அடுத்த ஆட்டம் கிடையாது. அடுத்த ஆட்டம் இறுதிப் போட்டி.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். ஃபீலிமின் வாசல் முழுக்க மாட்டுச்சாணிக் குழம்பை ஒரு டேங்கர் கொட்டிவிட்டுப் போனது. கில்டோராப் பண்ணைகள் ஒவ்வொன்றாக வேறு ஊர் மெக்கானிக்கைக் கூப்பிட்டன. மாட்டுச்சந்தையில் அவன் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திடீரென்று அடுத்த பட்டியில் மாடு பார்க்கப் போனார்கள். அவன் மனைவி நொரீன் ரொட்டி வாங்கப் போன இடத்தில் ஒருத்தி, "எங்க யூனன உன் புருஷன் எத்தனைக்கு வித்தான்?" என்று கேட்டாளாம். நொரீன் ரொட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதைச் சொல்லும்போதுகூட ஃபீலிம் சிரித்தான். "சாணி கொட்டினது நல்லதுதான்டா, ரோஜாச் செடிக்கு உரம்" என்றான். ஆனால் அவன் மெலிந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன். வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அதைப் பார்த்தேன்.

கில்டோரா மேல்முறையீடு செய்தது. விசாரணைக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். உள்ளே, எந்த அம்பயர் சொன்னான் என்று கேட்டிருக்கிறார்கள். "அட்டையக் காட்டினது என் கை. பேரெல்லாம் சொல்லமாட்டேன்" என்றானாம். தடை அப்படியே நின்றது. வெளியே வந்து, வண்டியில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டான்.

"கோச்சுக்காத மாலக்கி. ஒரே ஒரு தடவ கேட்டுக்கறேன். நீ பாத்ததானே?"

"கைய மூடினதையே பாத்தேன்டா."

"அது போதும்" என்று சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். வீடு வரும்வரை தூங்கினான். பல நாளாகத் தூங்கியிருக்க மாட்டான். நான் மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் பார்க்கவில்லை. எல்லோரையும் போல நானும் மறுகோடியில் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினபோது ரத்தம் இருந்தது, யூனன் இருந்தான். நடுவில் இருந்த இடைவெளியை நான் நிரப்பினேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நிரப்பியிருப்பார்கள் என்று அப்போது நினைத்தேன்.

இதற்கும் என் மகன் காஹலுக்கும் சம்பந்தம் உண்டா என்றால், கொஞ்சம் உண்டு. அதற்கு மூன்று வருஷம் முன்னால் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற ஆட்டத்தில் யூனன் அவன் முட்டியின் மேல் விழுந்தான். சத்தம் வேலிக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. அன்றைக்கும் ரெஃப்ரீ ஃபீலிம்தான். மஞ்சள் அட்டை கொடுத்தான், அவ்வளவுதான். இரண்டு பேருமே பந்துக்குத்தான் போனார்கள் என்றான். காஹல் அதற்குப் பிறகு ஆடவில்லை. இப்போது ஆஸ்திரேலியாவில் லாரி ஓட்டுகிறான். அன்று சாயங்காலம் ஃபீலிம் என் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் பாத்தததான்டா குடுக்க முடியும்" என்றான். நான் அவனுக்குத் தேநீர் போட்டுக்கொடுத்தேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறே அவனுக்கு அம்பயராகப் போனேன். மனதில் வைத்துக்கொண்டிருப்பவன் போவானா?

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நான் கணக்குப் போட்டதாக நீங்கள் நினைக்கக்கூடாது. வாயைத் திறந்தேன், அந்த வார்த்தை தயாராக உள்ளே இருந்தது. எத்தனை நாளாக இருந்தது என்று எனக்குத் தெரியாது.

சரிசெய்யச் சந்தர்ப்பமும் கிடைத்தது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இறுதிப் போட்டிக்கு முந்தின வாரம் மாட்டுச்சந்தையில் அந்த ஆர்டன் பையன் கன்று இறக்கிக்கொண்டிருந்தான். மூக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்திச் சிரித்தான். "அது யூனன் இல்லங்க. நானே திரும்பறப்ப எங்க ஆளோட முழங்கையில போய் இடிச்சுக்கிட்டேன். ரெஃப்ரீக்கு எவன் சொன்னானோ, எங்களுக்கு நல்லதுதான் பண்ணான். அப்படியும் தோத்தோம், அது வேற கதை." நானும் சிரித்தேன். நேரே ஃபீலிமின் பட்டறைக்குப் போனேன். ஒரு போன் போட்டால் போதும், சங்கம் தடையை எடுத்துவிடும். அவன் ஒரு பம்ப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "நல்லவேள வந்த. இந்தப் பக்கம் ஒரு மனுஷன் வந்து வாரமாச்சு" என்றான். அவனுக்குக் குறடு எடுத்துக்கொடுத்தேன். பம்ப்பை இரண்டு பேருமாக மாட்டினோம்.

இறுதிப் போட்டியில் கில்டோரா ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. யூனன் எல்லைக்கோட்டுக்கு வெளியே மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நின்றான். கடைசி நிமிஷத்தில் பந்து அவன் காவல் நிற்கிற இடத்தின் வழியாகத்தான் போனது. அதையும் நான் பார்த்தேன். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் யூனன் என் முற்றத்துக்கு வந்தான். இதைக் கேட்கத்தான் காத்திருக்கிறீர்கள், இல்லையா? குடித்திருக்கவில்லை. நாய் குரைக்கக்கூட இல்லை, அவ்வளவு அமைதியாக வந்தான்.

"சண்டை போட வரலீங்க" என்றான். "காஹலுக்கு நடந்தத நான் மறக்கல. ஆஸ்பத்திரிக்கு வந்தேன், நீங்க உள்ள விடல. அது சரிதான். இப்ப ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். நான் அடிச்சேன்னு சொன்னது யாரு? நீங்களா?"

அவன் கண்ணில் கோபம் இல்லை. தூக்கம் இல்லாதவனின் கண்தான் இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பான்? ஒருவேளை என்னை ஒரு அறை விட்டிருப்பான். ஒருவேளை உட்கார்ந்து அழுதிருப்பான். என்னால் தாங்கக்கூடியதுதான்.

நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "நான் ஒண்ணும் பாக்கல தம்பி. பாக்கலன்னுதான் அவன்கிட்டயும் சொன்னேன். அவனாத்தான் அட்டைய எடுத்தான். உன்மேல அவனுக்கு எப்பவுமே ஒரு இது."

பாருங்கள், அதில் பாதி உண்மை. நான் ஒன்றும் பார்க்கவில்லை.

யூனன் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தான். "அவர் இப்ப எங்க இருப்பாரு?" என்றான். பட்டறையில்தான் இருப்பான், தனியாக, நொரீன் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். கேட்டான், சொன்னேன். அந்த வண்டி எங்கள் சந்து திரும்பி மறைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கன்றுக்குட்டிகளுக்குத் தீவனம் வைத்தேன். போனை எடுத்து ஃபீலிமிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

ஒரே ஒரு தள்ளுதான் என்று யூனன் உங்களிடம் சொல்லியிருப்பான். அதை நம்புங்கள். ஃபீலிம் அவனிடம், "என் ஆளு பாத்தான், என் ஆளு பொய் சொல்லமாட்டான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பான். என்னிடமிருந்து நேரே வந்தவனுக்கு அதைக் கேட்டால் எப்படி இருந்திருக்கும்? தரையெல்லாம் எண்ணெய். ஃபீலிமின் பின்மண்டை இரும்பு மேடையின் விளிம்பில் பட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் யூனன்தான், அது வரும்வரை அவன் தலையை மடியில் வைத்திருந்ததும் யூனன்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பையனை நீங்கள் சிறைக்கு அனுப்பினால், அவன் என் இடத்தில் போகிறான். அதனால்தான் இன்று நானாக வந்தேன். எவரும் என்னை அழைத்து வரவில்லை. ராத்திரியில் சாப்பாடு இறங்குவதில்லை, சர்ச்சில் பூசையின்போது நற்கருணை வாங்க எழுந்துபோக முடிவதில்லை. குற்றம் என்னுடையது. அதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கோர்ட்டிலும் சொல்வேன்.

ஊரில் என்னைத் தங்கமான ஆள் என்கிறார்கள். நொரீன் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா நாங்க என்ன ஆயிருப்போம்?" என்று அழுதாள். ஏனென்றால் தினமும் நான் ஃபீலிமைப் பார்க்கப் போகிறேன். அவனுக்குச் சவரம் செய்கிறேன், சூப்பைக் கரண்டியில் ஊட்டுகிறேன். வலது கை வராது. சில நாள் நொரீனின் பெயர் வராது. பம்ப்பை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் போய்விட்டது. அந்த அரையிறுதி மட்டும் போகவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்து, வாய் கோணக் கோணக் கேட்கிறான்.

"மாலக்கி... நீ பாத்ததானே?"

இந்த வாக்குமூலத்தை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், சார்ஜெண்ட். அவன் காதுக்கு மட்டும் போகவேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை, அவனுக்காகத்தான் கேட்கிறேன். இங்கிருந்து நேரே அங்கேதான் போவேன். அவன் கேட்பான். பார்த்தேன்டா என்று சொல்வேன். அந்த நிலைமையில் இருக்கிற மனிதனுக்கு, நம்புவதற்கு ஒரே ஒரு ஆளாவது வேண்டாமா?