தோளில் போட்ட நோயாளி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கட்டபெட்டில் ஊட்டி பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஆம்புலன்ஸ் வேலைக்கான உடல்தகுதித் தேர்வுக்குப் போகிறவர்கள்.

"ஏனுங்க்கா, போன தடவை நோயாளி கழுத்தை முறிச்சது நீங்கதானுங்களா?" என்றாள் சின்னவள்.

"அது பொம்மை, புள்ள. ஸ்ட்ரெச்சர்ல ரெண்டு பேரா தூக்கோணும்னாங்க. கூட வந்தவ அசைஞ்சு அசைஞ்சு வந்தா. நான் தேயிலை மூட்டையாட்டம் தோள்ல போட்டுட்டு மொதல்ல மாடிப்படி ஏறிட்டேன்."

"பரிசு குடுத்தாங்களா?"

"ஃபெயிலுன்னாங்க. இன்னைக்கும் போச்சுன்னா மறுபடி எஸ்டேட்டுதான்."

இறங்கும் இடத்தில் ஒரு பெரியவரின் கேரட் மூட்டை படியை மறித்தது. மூத்தவள் குனிந்து அதை ஒற்றையாளாகத் தோளுக்கு இழுத்தாள். பாதியில் நிறுத்தி, கீழே வைத்தாள்.

"புள்ள, அந்தப் பக்கம் புடி. நான் சொன்னதும் தூக்கோணும்."

"கழுத்து எந்தப் பக்கமுங்க்கா?"

"எம்பக்கம். மெதுவா."

ஒரு குலுங்கல் இல்லாமல் இறக்கி வைத்தார்கள். அவள் பாஸ்தான். ஆறு பேரை இடுப்பில் சுமந்தவள் சொல்கிறேன்.

இதை என் கையாலேயே எழுதினேன்; என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பேத்திக் கண்ணு, சரியாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை படித்துக் காட்டு.