எண்பத்திரண்டு டிகிரி

பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் மெஷினைப் பார்க்கக் கூடாது. தண்ணீரைப் பார்க்க வேண்டும், அப்புறம் கரண்ட் லைனைப் பார்க்க வேண்டும். மெஷினைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பல பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடைக்குப் போய்க் கதவை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். நான் அப்படி வாங்கவில்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், சார்.

மேசைமேல் அந்தத் தட்டையும் நீல விளிம்பு போட்ட டம்ளரையும் வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் கேட்பீர்கள் என்று தெரிகிறது. கேளுங்கள், சொல்கிறேன். இந்த அறையில் என் கண்ணை உறுத்துவது அதுவல்ல. உங்கள் சுவர்க் கடிகாரம் நாலு நிமிடம் பின்னால் ஓடுகிறது.

அறுபத்து நாலு முதியவர்கள் இருக்கிற இல்லம் அது. பதினொரு வருடமாகச் சமையலறை என் பொறுப்பு. காலை எட்டு, மதியம் பன்னிரண்டரை, மாலை ஏழு. இந்த மூன்று நேரத்திலும் என் சமையலறையிலிருந்து ஒரு தட்டாவது ஒரு நிமிடம் தாமதமாகப் போனது என்று ஒருவரும் சொல்ல முடியாது. நிர்வாகியே விருந்தாளிகளிடம் என்னைக் காட்டி, "இவங்கள வச்சுத்தான் நான் என் வாட்ச்ச சரி பண்றேன்" என்பார். வேடிக்கைக்குச் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். கல்யாணம், குழந்தை என்று எனக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது.

புதுக் கட்டிடத்துக்குச் சமையலறை மாறியபோதுதான் மெஷின் பேச்சு வந்தது. விற்பனைக்காரர் நல்ல மனிதர், ஒன்றையும் மறைக்கவில்லை. கண்ணாடி டம்ளர் கழுவுகிற மெஷின் வேறு, தட்டு கழுவுகிற மெஷின் வேறு என்று பொறுமையாக விளக்கினார். டம்ளர் மெஷின் சின்னது, மென்மையாகக் கழுவும். அதில் தட்டைப் போட்டால் எண்ணெய்ப் பிசுக்கு போகாது. தட்டு மெஷினில் இரண்டு வேலை நடக்கிறது. முதலில் சோப்புத் தண்ணீர் அழுக்கை எடுக்கும். பிறகு எண்பத்திரண்டு டிகிரி சுடுதண்ணீர் கடைசியாக ஒருமுறை அலசும். அழுக்கு போவது முதல் வேலையில். கிருமி சாவது இரண்டாவதில். நான் குறுக்குக் கேள்வி கேட்டு, கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துத்தான் முடிவு செய்தேன். விவரம் தெரியாமல் வாங்கிவிட்டாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது எனக்கு அவமானம்.

"மேடம், உங்க லைன்ல இது ஓடும். ஆனா தண்ணி சூடாக நேரம் எடுக்கும்" என்றார் அவர். "ஒரு கூடைக்கு ரெண்டு நிமிஷம் ஆக வேண்டியது எட்டு நிமிஷம் ஆகும். த்ரீ ஃபேஸ் லைன் இழுத்ததுக்கப்புறம் வாங்குங்களேன். ஆறு வாரம்தானே."

ஆறு வாரம். திறப்பு நாளை நான் ஏற்கெனவே நிர்வாகியிடம் சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னபடி நடக்க வேண்டும் என்பது என் சுபாவம். தட்டு மெஷினையே வாங்கினேன், டம்ளரும் அதில்தான் கழுவ வேண்டும்.

முதல் நாள் மெஷின் என்னைக் காக்க வைத்தது. உள்ளே ஒரு பூட்டு மாதிரி அமைப்பு உண்டு. தண்ணீர் எண்பத்திரண்டைத் தொடும்வரை அது அலசாது. தட்டுக்கூடை உள்ளே, நாங்கள் வெளியே. பாத்திரம் கழுவும் இரண்டு பெண்களும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். திரையில் அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது என்று எண் ஊர்கிறது. மணி பன்னிரண்டு இருபது ஆகிறது. அன்று காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் மாதிரி ஓடி, பழைய ஸ்டோரிலிருந்து தட்டுகளை இழுத்து வந்து, பன்னிரண்டரைக்குச் சரியாக அனுப்பினேன். ஏழு நாள் அப்படித் தாக்குப்பிடித்தேன். எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, மெக்கானிக்கை வரச் சொன்னேன்.

"அக்கா, இது சும்மா வச்சதில்ல" என்றார் அவர். "இதக் கழட்டிட்டா தண்ணி சுட்டாலும் சுடாட்டியும் மெஷின் அலசிட்டுப் போயிட்டே இருக்கும்."

"தட்டு அழுக்கா வருமா?"

"வராது. பளபளன்னுதான் வரும். பாத்தா ஒண்ணும் தெரியாது. அதுதாங்கா பயமே."

"பாத்தா தெரியாதுன்னா போதும்பா."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எழுதிக் கொடுத்தால்தான் கை வைப்பேன் என்றார். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் காகிதம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அவர்மேல் பழி போடுகிற உத்தேசம் எனக்கு இல்லை, அவரை விட்டுவிடுங்கள். நாலு மணி பத்து நிமிடத்துக்கு அவருடைய வண்டி கேட்டைத் தாண்டியது.

அதற்குப் பிறகு எல்லாம் கடிகாரம் மாதிரி ஓடியது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு கூடை. திரையில் ஐம்பத்தொன்று, ஐம்பத்து மூன்று என்று காட்டும். அந்த எண் கழுவுகிற பெண்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். வெப்பநிலைப் பதிவேடு ஒன்று உண்டு. தினமும் மூன்று வேளை எழுத வேண்டும். திங்கட்கிழமை காலையிலேயே அந்த வாரம் முழுவதற்கும் எண்பத்திரண்டு என்று எழுதிவிடுவேன். சில இடத்தில் எண்பத்து மூன்று போட்டேன். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது.

பளபளப்புக்கு ஒரு திரவம் இருக்கிறது, அதைக் கடைசித் தண்ணீரில் மெஷினே கலந்துகொள்ளும். அதைக் கொஞ்சம் தாராளமாக வைத்தேன். ஒருநாள் நிர்வாகி ஒரு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "முகம் தெரியுதே" என்று சிரித்தார். முதியவர்களைப் பார்க்க வருகிற பிள்ளைகளும் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திருப்தியாகப் போனார்கள்.

ஆறு வாரம் கழித்து லைன் மாற்ற ஆட்கள் வந்தார்கள். இதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இரண்டு நாள் சமையலறையை மூட வேண்டும் என்றார்கள். பிறகு பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் அறைக் கண்டக்டர் மகன் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வயிற்றுக் கோளாறோடு திரும்பி வந்தார். பஸ்ஸில் வேலை பார்த்த பழக்கத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வருகிறவர்களையெல்லாம் "உள்ள போ, உள்ள போ" என்று விரட்டுகிற கலகலப்பான மனிதர். மூன்றாம் நாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அடுத்து அவருடைய மேசைக்காரர்கள் இரண்டு பேர். வாரக் கடைசியில் பதினொரு பேர். வாந்தி, பேதி. சாப்பாட்டில் காரத்தைக் குறைத்தேன், எண்ணெயைக் குறைத்தேன், சூப்பும் ரொட்டியும் கொடுத்தேன். என்னால் ஆனதையெல்லாம் கண்ணும் கருத்துமாகச் செய்தேன்.

டாக்டர் சமையலறைக்கு வந்தார். "மெஷின்ல சூடு சரியா வருதா?" என்று கேட்டார். பதிவேட்டைக் காட்டினேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியைச் சோதிக்கச் சொல்லிவிட்டுப் போனார். தொட்டியை மூன்று தடவை கழுவினார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மாவும் அந்த இல்லத்தில்தான் இருக்கிறாள், பன்னிரண்டாம் அறை. கூட இருந்தவர் ஒரு டீச்சர். இரண்டு பேரும் வம்பு பேச உட்கார்ந்தால் சாப்பாட்டு மணிகூடக் காதில் விழாது. அம்மாவுக்கு என்று ஒரு தட்டும் நீல விளிம்பு டம்ளரும் தனியாக வைத்திருந்தேன். அதை மெஷினில் போடுவதில்லை. என் கையாலேயே கழுவி, கொதிக்கிற கெட்டில் தண்ணீரை ஊற்றி எடுப்பேன். பெற்ற தாய்க்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "எனக்கு மட்டும் எதுக்குடி தனித் தட்டு? நான் என்ன தொத்து வியாதிக்காரியா?" என்று முனகுவாள். உனக்குப் பிடித்த நீல நிறம் அம்மா என்று சமாளித்தேன்.

டீச்சருக்கு வயிறு சரியில்லாமல் போன அன்று அம்மா சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள். தன் டம்ளரைக் கையில் வைத்திருந்தாள்.

"ஏண்டி, இதுல ஊத்தற மாதிரி டீச்சர் டம்ளர்லயும் கொஞ்சம் வெந்நீர ஊத்திக் குடேன்."

"ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்கம்மா. நேரம் ஆயிடும்."

அம்மா மெஷினைப் பார்த்தாள், நான் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்தாள், கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். அவள் படித்தவள் இல்லை. ஆனால் என்னை வளர்த்தவள். மணி பன்னிரண்டே கால் ஆகியிருந்ததால் நான் திரும்பிக்கொண்டேன்.

டீச்சர் வியாழக்கிழமை விடியற்காலையில் போய்விட்டார். அவருக்கு முன்பே கண்டக்டரும் இன்னும் இரண்டு பேரும் போயிருந்தார்கள். அவருக்குப் பின்னால் மூன்று பேர். மொத்தம் ஏழு. எல்லோருக்கும் எண்பதுக்கு மேல் வயது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

நான் மறுக்காமல் ஒப்புக்கொள்கிறேன். பூட்டைக் கழற்றச் சொன்னது நான். எண்ணை மறைத்தது நான். பதிவேட்டில் பொய் எழுதியது நான். லைன் போட வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். ஆனால் ஒன்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இதனால் யாருக்கும் கெடுதல் வரும் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் செய்திருப்பேனா?

சரி, தட்டுக்கு வந்துவிட்டீர்கள். அம்மாவுக்கு எந்த நாளிலிருந்து தனித் தட்டு என்று கேட்கிறீர்கள். இதைக் கொண்டுவந்து கொடுத்த அம்மாவே உங்களிடம் தேதியைச் சொல்லியிருப்பாள். செவ்வாய்க்கிழமைதான். மெக்கானிக் போனது நாலு பத்துக்கு என்று சொன்னேன் அல்லவா? நாலே காலுக்குத் தட்டை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். கழுவுகிற பெண்களும் பார்த்தார்கள்.

இன்னொன்றும் கேட்டீர்கள். பூட்டைத் திரும்பப் போட்டது எப்போது என்று. டீச்சர் போன அன்று காலையில் அம்மா தன் தட்டை எடுக்கவில்லை. வரிசையில் போய் நின்று, மெஷினிலிருந்து வந்த பொதுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கையைப் பிடித்தேன். "எல்லாரும் சாப்பிடறதுலதான் நானும் சாப்பிடுவேன். எடு கைய" என்றாள். நான் அங்கிருந்தே மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அவர் வந்து பூட்டை மாட்டிவிட்டுப் போனார். தண்ணீர் எண்பத்திரண்டைத் தொடட்டும் என்று ஒவ்வொரு கூடைக்கும் நின்றேன்.

அன்று மதியச் சாப்பாடு தாமதம். பதினொரு வருடத்தில் அந்த ஒரு வேளைதான். இருபத்தாறு நிமிடம். கூடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டே காத்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.