எலுமிச்சம்பழச் சாற்றில் மீன்

ஒரு நாட்டில் மீனை அடுப்பில் வைப்பதே இல்லையாம், தம்பி ஜெஸீம். எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறப்போட்டு அப்படியே சாப்பிடுகிறார்கள். இந்த நமுனுகுல மலையை விட்டால் பதுளை, அதைத் தாண்டிப் போகாதவன் நான். எனக்கு உலகம் தெரிந்ததெல்லாம் ஜீவன் அனுப்பிய படத் தபாலட்டைகளில்தான். கப்பலில் நீங்களும் அவனும் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். உங்கள் கடிதத்துக்குப் பதில் கேட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கடிதம் வீடு தேடி வராது. லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாம் ஒரே பையில் ஆபீசுக்கு வரும், தபால்காரனான நான் காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது பெயர் சொல்லிக் கொடுப்பேன். அவனுடைய அம்மா றோசாலிக்கு எழுத்துத் தெரியாது. காதும் மந்தம், போனில் ஒன்றும் விளங்காது. அதனால் அவள் அட்டையை மட்டும் இந்த வீட்டுக்கே கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து காதோரம் வாசிப்பேன்.

துருக்கியில் சிப்பிக்குள் சோறு அடைத்து விற்பதும், போர்த்துக்கல்காரர்கள் கருவாட்டுக்கு உயிரை விடுவதும் அப்படித்தான் தெரிந்தது. படம் அவளுக்கு, முத்திரை எனக்கு. கருவாட்டை உருளைக்கிழங்கோடு பிசைந்து பொரித்து எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். என் மனைவி போன பிறகு யாரும் எனக்கென்று தட்டு வைத்ததில்லை. அட்டை வராத நாட்களில் யாரோடும் பேசாமலே படுத்துவிடுவேன். தனிமை பொல்லாதது, தம்பி.

அந்த எலுமிச்சம்பழ மீன் படம் போட்ட அட்டையில் ஜீவன் சாப்பாட்டைப் பற்றி எழுதவில்லை. கப்பல் வேலை போதும், வத்தளையில் வீடு பார்த்துவிட்டேன், அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிப்போக வருகிறேன் என்று எழுதியிருந்தான். நான் படத்தின் அடியில் அச்சடித்திருந்ததை மட்டும் வாசித்தேன்.

“எலுமிச்சம்பழம் பட்டா மீனு வெந்துருமா, றொபின்சன் அண்ணே?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பதிலை வழக்கம்போல அவள் சொல்ல நான் எழுதினேன். அவள் சொன்னது, உடம்பைப் பார்த்துக்கொள் என்று. நான் எழுதியது, அம்மா இப்போது ஒருவரோடு சேர்ந்து வாழ்கிறாள், உன் முகத்தில் விழிக்க வெட்கப்படுகிறாள், கொஞ்ச காலம் இந்தப் பக்கம் வராதே என்று. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம்.

அவன் வரவில்லை. மனம் வெறுத்து மறுபடி கப்பலேறியதாக நீங்களே சொன்னீர்கள். கப்பல் சமையல்கட்டில் தீப்பிடித்ததையும், அவனை வழியில் வந்த துறைமுகத்திலேயே அடக்கம் செய்ததையும் நீங்கள் எழுதிய கடிதமும் என் பையில்தான் வந்தது. அன்று நான் அழுதேன். சின்ன வயதிலிருந்து பார்த்த பிள்ளை.

அதற்குப் பிறகு வந்த அட்டைகளை எழுதியது நான்தான். பதுளையில் மொஹிதீன் கடையில் பழைய வெளிநாட்டுப் பட அட்டைகள் கிடைக்கும். சேர்த்துவைத்த முத்திரைகளில் பொருத்தமானதை ஒட்டுவேன். அந்தந்த நாட்டுச் சாப்பாட்டை மட்டும் விசாரித்துச் சரியாக எழுதுவேன். அவளை ஏமாற்றக் கூடாது அல்லவா. போன மாதம் ஜீவன் ஜப்பானில் இருந்தான்.

அவனுடைய பையோடு நீங்கள் வந்து நின்றதும், மகன் கொடுத்தனுப்பியது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் உங்களுக்காகக் கருவாடு பொரிக்கிறாள். நாம் பேசியது எதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது.

இதோ, தட்டோடு வருகிறாள். பிள்ளை மெலிந்திருக்கிறானா என்று கேட்பாள். நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், தம்பி. பெற்ற வயிறு, அதை நோகடிக்க எனக்கு மனசு வராது.