காத்தோங் கடலுக்கு ஒரு வானம்

ஆமா தம்பி, அந்தப் படந்தான். கடைக்குள்ள வர்ற எல்லாரும் மொதல்ல அது முன்னாலதான் நிக்கிறாங்க. சும்மா உக்காருங்க. உங்க படம் நல்லபடியா எடுத்தாச்சு. உங்க உம்மா மேல என் வீட்டுக்காரியோட இருக்காங்க. ஊருக்குக் கப்பல் ஏறப்போறவங்க, பேச்சு முடியுமா? வர்ற வரைக்கும் இந்தப் படத்தோட கதையக் கேளுங்க.

இது தஞ்சோங் காத்தோங் கடற்கரை. விடியக்கால நேரம். இதுல ஒரு தொல்லை இருக்கு, தெரியுமா? நம்ம காமிராவுல படம் விழுற கண்ணாடித் தகட்டுக்கு வானம் ஒரு நொடி போதும். கடலும் மணலும் விழணும்னா நாலு நொடி வேணும். நாலு எண்ணி முடிக்கிறதுக்குள்ள வானம் வெந்துபோயி வெள்ளத் துணியாட்டம் ஆயிடும். கடல் இருக்கும், சம்பான் படகு இருக்கும், மேல ஒண்ணுமே இருக்காது.

அதனால எல்லாரும் என்ன செய்வாங்கன்னா, வானத்தத் தனியா எடுத்து வெச்சுக்குவாங்க. அச்சுப் போடும்போது கடலுக்கு மேல அத ஒட்ட வெக்கிறது. நானும் அப்படித்தான் செஞ்சேன். நம்ம சிராங்கூன் ரோட்டு மாடியில நின்னு ஒருநாள் காலையில எடுத்த கறுத்த மேகம் ஒண்ணு இருந்துச்சு. என்னா அழகு! அத அந்தக் கடலுக்கு மேல வெச்சுப் பெரிய படமாப் போட்டேன்.

போட்டுட்டு, அந்தச் சம்பான்ல நிக்கிறாரே பாக் மாட், மலாய்க்காரர், அவர்கிட்ட பெருமையா எடுத்துட்டுப் போயிக் காட்டினேன். மனுசன் பார்த்தாரு. வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு பாருங்க! சிரிப்பு அடங்கினதும் கேட்டாரு, நெய்னா, இது சுமத்ரா மேகமாச்சே, இது ஏறி வந்தா காத்து பிச்சுக்கிட்டுப் போவும், இதப் பார்த்துக்கிட்டே நான் பாய் ஏத்துவேனா, என்னயக் கொல்லப் பாக்குறியான்னு.

படத்தச் சுருட்டி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுல சம்சுன்னிசாகிட்ட சொன்னேன். சம்சுன்னிசாதான் என் வீட்டுக்காரி. பலகையில என் பேரு தொங்குதே தவிர, கண்ணாடி கழுவுறது, அச்சுப் போடுறது எல்லாம் அவதான். அவ கேட்டா, அந்தக் கடலுக்கு அன்னிக்கு இருந்த வானத்தையே வெச்சா என்னன்னு. ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு காமிராவ எப்படிடி புடிக்கிறதுன்னு நான் எரிஞ்சு விழுந்தேன். அவ மறு வாரம் நான் கெளம்புறப்போ, பழைய காமிராப் பொட்டிய மடியில வெச்சுக்கிட்டு மாட்டுவண்டியில ஏறி உக்காந்துட்டா.

அன்னிக்கு ராத்திரி பாக் மாட் வீட்டுல தங்கிட்டோம். விடியறதுக்கு முந்தி சுபுஹு தொழுதுட்டு மணல்ல எறங்கினா, தண்ணி அப்பத்தான் வத்தத் தொடங்குது. நான் காமிராவோட கருந்துணிக்குள்ள தலைய விட்டவன்தான். பாக் மாட் சம்பானத் தள்ளுறாரு, அது ஒருபக்கமாத் திரும்புது, நான் கத்துறேன், அவர் திருப்புறாரு. சரியா வந்து நின்னதும் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. முடிஞ்சுது. தலைய வெளிய எடுத்துப் பார்த்தா, வானம் வெளுத்துப் போச்சு. சாயமும் இல்ல, மேகமும் இல்ல. அங்கேயே மணல்ல உக்காந்துட்டேன் தம்பி.

அவ பக்கத்துல வந்து, ஏன் உக்காந்துட்டீங்க, வானத்த நான் எடுத்துட்டேன்ங்கிறா. கவுத்துப் போட்ட படகு மேல பழைய பொட்டிய வெச்சு, முன்பக்கம் ஒரு தேங்கா மட்டையச் சொருகி, மேல பார்க்க நிமித்தியிருக்கா. உங்களக் கூப்பிட்டிருந்தா ஏசியிருப்பீங்க, அதான் மேகம் இருக்குறப்பவே நானே தெறந்து மூடிட்டேன்னா. ஒரு கண்ணாடிய வீணாக்கிட்டியேன்னு வண்டி சிராங்கூன் ரோட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் ஏசிக்கிட்டேதான் வந்தேன்.

இருட்டறையில கழுவிப் பார்த்தப்பதான் வாய மூடினேன்.

பாருங்க, இந்த மேகத்தோட ஓரத்துல வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கு? பாய் மேலயும் அதே பக்கந்தான். ரெண்டையும் சேர்த்து அச்சுப் போட்டு எடுத்துட்டுப் போனேன், பாக் மாட் ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு, இந்த வானத்த நம்பிக் கடலுக்குப் போகலாம்னு. அத விட என்ன தம்பி வேணும் எனக்கு?

எல்லாரும் என்னத்தான் மெச்சுறாங்க. நானும் ஒரு வருசம் தலைய ஆட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒருநாள் எனக்கே வெக்கமாப் போச்சு. இப்ப கேக்குறவங்க கிட்டல்லாம் வானம் அவளுதுன்னு சொல்லிடுறேன். அது தெரிஞ்சதுலேருந்து வெளிய மொகங்காட்டாத வீட்டுப் பொம்பளைங்க, பின்வாசல் வழியா மாடிக்குப் படம் எடுத்துக்க வர்றாங்க. அவளே எடுத்து, அவளே கழுவி, உறையில போட்டுக் குடுத்துடுறா. நான்கூடப் பார்க்குறது இல்ல.

எங்க எழுந்திரிச்சிட்டீங்க? உம்மாவக் கூப்பிடவா? இருங்க தம்பி, இன்னும் கொஞ்ச நேரம். ஐயோ, உக்காருங்கன்னா.

சரி, இனிமே உங்களப் பேச்சுலயே புடிச்சு வெக்க என்னால ஆகாது. சொல்லிடுறேன். உம்மாவையும் ஒரு படம் எடுத்துக்கலாமேன்னு நான் கேட்டதுக்கு, அவங்களுக்கு அதெல்லாம் பிடிக்காதுன்னு பட்டுன்னு சொன்னீங்கல்ல? நேத்து சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அவங்களே இங்க என் வீட்டுக்காரியப் பார்க்க வந்தாங்க. வியாழக்கிழம கப்பல் ஏறினா மறுபடி இந்தக் கரைக்கு வருவேனோ என்னமோ, என் மகன் கபீரு இங்க ஒண்டியா இருக்கான், சோறு திங்கிறப்போ பார்த்துக்க என் மொகம் அவன்கிட்ட இருக்கட்டும்னாங்களாம். உங்ககிட்ட நேரா கேக்க வெக்கம். இந்த வயசுல உம்மாவுக்குப் படமான்னு சிரிச்சுடுவீங்களோன்னு பயம். மாடிச் சன்னலுக்கு வெயில் வர்ற வரைக்கும் உங்களக் கீழ புடிச்சு வெக்கிறது என் வேலை.

அட, என்ன தம்பி இது. கண்ணத் தொடைங்க.

உங்களையும் சேர்த்து எடுக்க சம்சுன்னிசா காமிராவுல இன்னொரு கண்ணாடி போட்டு வெச்சிருக்கா, எனக்குத் தெரியும். நீங்க வர்றீங்கன்னு நான் குரல் குடுக்குறேன், அவ முக்காடு போட்டுக்கட்டும். நீங்க போயி உங்க உம்மா பக்கத்துல நில்லுங்க. வெயில் எறங்குறதுக்குள்ள போங்க. செருப்ப இங்கேயே விட்டுடுங்க, படி வழுக்கும்.