தலையாட்டலை நம்பாத உமாராணி

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லா ஒன்றியங்களிலிருந்தும் வந்திருக்கும் சிறப்பாசிரியர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்காமல், என் பேச்சைச் சைகையில் சொல்லும் ஸ்டெபியின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் காது கேளாத என் பிள்ளைகளே, வணக்கம். கதவோரம் நிற்கும் தம்பிகளே, உங்களுக்கும் வணக்கம். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவரத்தானே அனுப்பியிருக்கிறார்கள்? உள்ளே வந்து உட்காருங்கள். நான் பேசுவதை ஒன்றுவிடாமல் உங்கள் முதலாளியிடம் போய்ச் சொல்லுங்கள்.

ஏளா ஸ்டெபி, நான் ஏசினால் அதையும் அப்படியே கையில் சொல்லு. மழுப்பினேன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

என் பெயர் எமில்டா. புன்னைக்காயல்காரி. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆசிரியர்களைப் பழக்கும் வேலையில் உமாராணி அம்மையாரோடு கூடவே நின்றவள். எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையில் 'இயற்கை எய்திய' என்று போட்டிருக்கிறது. போட்டது யார்? இயற்கையா எய்தினார்? போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பயிற்சி மையத்திலிருந்து வீடு திரும்பியவரை உப்பளச் சாலையில் ஸ்கூட்டரோடு இடித்துத் தள்ளி, அரிவாளால் வெட்டிக் கொன்றார்கள். முதல் வெட்டே கையில்! வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. பிணவறையில் நான் என் கண்ணால் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு வந்து இங்கே பூப்போலப் பேச எனக்கு வராது, ஐயா.

எதற்காக வெட்டினார்கள்? அதைச் சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

உமாராணியிடம் பயிற்சிக்கு வந்த எந்த ஆசிரியரும் முதல் நாளை மறந்திருக்கமாட்டார். காலையில் கடகடவென்று எதையோ சைகையில் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்பார். எல்லோரும் தலையாட்டுவோம். "என்ன புரிஞ்சுது, சொல்லுங்க பாப்போம்" என்பார். எல்லோரும் நோட்டைப் புரட்டுவோம். அப்போது போடுவார் ஒரு சத்தம்! "பி.எட் படிச்ச நீங்களே பயத்துல தலையாட்டுதீங்க. அந்தப் புள்ள பொறந்ததுலேருந்து ஆட்டுது. ஆட்டுனாத்தான் அடி நிக்கும்னு அதுக்குத் தெரியும். தலையாட்டுறத பதில்னு எடுத்துக்கிடுறவன் எவனும் என் வகுப்புல இருக்கக்கூடாது!"

அவர் சாந்தமானவர் என்று எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். யார், உமாவா? நல்ல கதை! விளாத்திகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், வாயால் பேசினால்தான் ஆச்சு என்று ஒரு வாத்தியார் பிள்ளைகளின் கையைப் பின்னால் கட்டிப்போட்டிருந்தார். ஒரு பிள்ளைக்கு மணிக்கட்டில் கயிறு பதிந்து ரத்தம் கன்றியிருந்தது. உமா கட்டை அவிழ்த்தார். வாத்தியாரின் தோளில் கிடந்த துண்டை உருவி, அவர் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். "இப்பப் பேசுங்க சார். ஏன் பேச மாட்டேங்கிய? பேசுங்க!" மெமோ யாருக்கு வந்தது தெரியுமா? உமாவுக்குத்தான். அதற்குப் பதில் எழுதக்கூட மாட்டேன் என்றார், நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

இப்போது உப்பளத்துக்கு வருகிறேன். அங்கே வேலை பார்த்த செந்தூர்வேல் என்ற பையன், மேற்பார்வையாளனை எதிர்த்துப் பேசினான் என்பதற்காக, மண்வெட்டிக் காம்பால் அடித்தே கொல்லப்பட்டான். பாத்தியில் உப்புத்தண்ணீர் சிவக்கச் சிவக்க முதலாளியின் ஆட்கள் அடித்திருக்கிறார்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தது ஒரே ஒருவன்: மாரிச்செல்வம். காது கேளாது, பேச வராது. உமாவிடம் படித்த பிள்ளை.

விசாரிக்கக் கூட்டிப்போன போலீசார் அவனிடம் என்ன கேட்டார்கள்? "செந்தூர்வேல் வழுக்கித்தானே விழுந்தான்?" லத்தி கையில் இருக்கிறது. அவன் தலையாட்டினான். ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு கொலை விபத்தாகிவிட்டது! அட பாவிகளா, அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் 'என்னை அடிக்காதே' என்பதல்லவா?

உமா விடவில்லை. வக்கீலைப் பிடித்து, மனுப் போட்டு, மாரிச்செல்வம் நீதிமன்றத்தில் சைகையில் சாட்சி சொல்ல அனுமதி வாங்கினார். சைகையைச் சொல்லாக்கித் தரும் பொறுப்பை நீதிமன்றம் உமாவிடமே கொடுத்தது. சாட்சி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. வெட்டுப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒருவன் போன் போட்டு, "டீச்சர், கை பத்திரம்" என்றானாம். உமா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஏளா எமில்டா, அவனுக்கும் வெளங்கிட்டு பாத்தியா, வேல பாக்குறது கையின்னு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. போலீசில் சொல்லச் சொன்னேன். வெள்ளிக்கிழமை முடியட்டும் என்றார்.

பிணவறை வாசலில் மாரிச்செல்வத்தின் தாய் தங்கத்தாய் என் காலைக் கட்டிக்கொண்டார். "எம்மவன் வரமாட்டான் டீச்சர். ஒத்தப் புள்ள. படிச்ச டீச்சரையே இந்த வெட்டு வெட்டிட்டானுவ, இவன விட்டுருவானுவளா?" அந்தத் தாயைத் தூக்கிவிட்டேன், இரண்டு பேரும் அழுதோம்.

இன்று காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். தலை சீவவில்லை, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: "செந்தூர்வேலு செத்த அன்னைக்கு எம்மவன் வீட்டுக்கு வந்து, கையக் கைய ஆட்டி என்னமோ சொல்லிச் சொல்லி அழுதான், டீச்சர். எனக்கு ஒண்ணும் வெளங்கல. சோத்தத் தின்னுட்டுப் படுன்னு காட்டுனேன். வா, போ, தின்னு, இம்புட்டுத்தான் எனக்கும் அவனுக்கும் பேச்சு. அவன் என்னத்தப் பாத்தாம்னு பெத்தவ எனக்கே இதுவரைக்கும் தெரியாது. வெள்ளிக்கெழம அவனக் கூட்டிட்டு நானும் கோர்ட்டுக்கு வாரேன். எம்மவன் பேசுறத நான் கேக்கணும்."

அவையோரே! உமாவின் இடத்தில் நிற்க நான் மனுக் கொடுத்தேன். நேற்று உத்தரவு வந்துவிட்டது. கதவோரத் தம்பிகளே, இதையும் போய்ச் சொல்லுங்கள். என்னை வெட்டினால் ஸ்டெபி நிற்பாள். ஸ்டெபியை வெட்டினால் காயல்பட்டினத்திலிருந்து ஒருத்தி வருவாள், விளாத்திகுளத்திலிருந்து ஒருத்தன் வருவான். எல்லோரும் உமா பழக்கிய ஆட்கள். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உமா, வெள்ளிக்கிழமை உன் பிள்ளைக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். அவன் கை சொல்வதில் ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன். நீதிபதிக்குக் கேட்டால் மட்டும் போதாது. பின்னால் பெஞ்சில் தங்கத்தாய் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன்.