ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு

ராத்திரி மணி இரண்டு ஐம்பது. ஐரோலியிலிருந்து ரபாலே போகும் தொழிற்பேட்டைச் சாலை. மழை விட்டிருந்தது. ஓரமாக லாரிகள் நின்றன. ஒன்றிலும் ஆள் இல்லை. ஒரே ஒரு பைக் போகிறது... அதில் என் தங்கை புருஷன் சுதன்.

இப்படித்தான் ஆரம்பித்தேன். தாராவியில் எங்கள் தெருப் பிள்ளையார் பந்தலில் அன்று எனக்கும் நகுலுக்கும் ராக்காவல். கூட மூன்று பேர், தூக்கம் வராதவர்கள். தார்ப்பாயிலிருந்து தண்ணீர் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

"பேயா, அண்ணாச்சி?" நகுல் சீட்டைக் கவிழ்த்து வைத்தான்.

"தெரியல. ஒரு எடை."

"அரே, எடையில என்ன பேய் இருக்கு? நம்ம ஷகீல் எடைதான் பேய் எடை. வர்ற அன்னிக்கெல்லாம் பெஞ்சு உடையுது."

சிரித்தார்கள். நான் காத்திருந்தேன். அடங்கியது.

சுதனுக்கு என்ன வேலை என்று முதலில் சொல்ல வேண்டும். தொழிற்சாலைகளில் சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி இருக்கும். அதற்குள் ஒரு சின்னப் பெட்டி. கன்ட்ரோலர். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எந்த மோட்டார் எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்று அதுதான் சொல்லும். அதற்குச் சொல்லிக்கொடுப்பவன் சுதன். லேப்டாப்பில் எழுதி, கேபிள் வழியாக உள்ளே அனுப்புவான்.

அந்தத் தொழிற்சாலையில் இட்லி மாவு தயாராகிறது. பாக்கெட் மாவு. அரைத்த மாவைக் கலக்க நான்கு தொட்டிகள். ஆள் உயரத்துக்கு மேல். எல்லாம் ஸ்டீல். மூன்றாவது தொட்டியின் நான்கு கால்களுக்கும் அடியில் எடை பார்க்கும் சென்சார். அரிசி மாவு இத்தனை கிலோ, உளுந்து மாவு இத்தனை, தண்ணீர் இத்தனை. எடை வந்ததும் கன்ட்ரோலர் வால்வை மூடும். பிறகு அடியில் இருக்கும் பிளேடு சுற்றும். எல்லாம் தானாக. ராத்திரி பேட்ச் இரண்டு நாற்பதுக்குத் தொடங்கும்.

தொடங்கும் முன் ஒரு சோதனை உண்டு. தொட்டி காலியா? எடை இருந்தால் ஓடாது.

கழுவிய பிறகு அடியில் நாலைந்து கிலோ தண்ணீர் தங்கும். அதற்கே நின்றுவிடும். வாரத்தில் மூன்று ராத்திரி சுதனுக்குப் போன் வரும். அவன் எழுந்து போவான். ஜனவரியில் ஒருநாள் சலித்துப்போய் அந்தச் சோதனையை எடுத்துவிட்டு, வேறொரு வரியை எழுதினான். தொடங்கும்போது எவ்வளவு எடை இருந்தாலும் அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள். பத்து கிலோவுக்கு மேல் இருந்தால் நில் என்று சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அதன்பிறகு போன் வரவில்லை. நன்றாகத் தூங்கினான்.

"இதுல என்ன தப்பு?" என்றான் ஷகீல்.

"இரு."

அங்கே வேலை செய்பவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தொட்டிக்குள் இறங்குகிறவன் வெள்ளை ரப்பர் பூட்ஸை ஏணியடியில் கழற்றி வைப்பான். வெறுங்காலோடு இறங்குவான். பூட்ஸ் வெளியே இருந்தால் ஆள் உள்ளே. மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லி போர்டு தொங்கியது. அணைத்தால் நான்கு தொட்டியும் நின்றுவிடும். யாரும் அணைப்பதில்லை. பூட்ஸைப் பார்த்துக்கொள்வார்கள்.

கன்ட்ரோலர் பூட்ஸைப் பார்க்காது.

பூலோகம் என்று ஒருவர். கயத்தாறுப் பக்கம். சீத்தா கேம்ப்பில் குடியிருந்தார். ஒரு ஞாயிறு ராத்திரி, பிளேடுக்கு அடியில் காய்ந்த மாவைச் சுரண்ட மூன்றாவது தொட்டிக்குள் இறங்கினார். பூட்ஸ் ஏணியடியில் இருந்தது. இடது பூட்ஸில் கிழிசலுக்குப் போட்ட சிவப்பு டியூப் ஒட்டு. மணி இரண்டு நாற்பது.

தொட்டி எடை பார்த்தது. ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு. பூஜ்யம் என்று வைத்துக்கொண்டது. ஓடியது.

பந்தலில் வாளியில் சொட்டு விழுந்தது.

சுதன்தான் முதலில் போனான். ஆம்புலன்ஸுக்கும் முன்னால். லேப்டாப்பைச் சொருகினான். அந்த வரியை அழித்தான். பழைய சோதனையைத் திரும்ப வைத்தான். அன்றைய எடைப் பதிவையும் அழித்தான். ஆறு நிமிடம் ஆயிற்றாம். காலையில் இன்ஸ்பெக்டர் கேட்டபோது சொன்னான்: எடை இருந்தால் இது தானாக ஓடாது சார். யாரோ கையால் பட்டனை அமுக்கியிருக்க வேண்டும்.

அந்த ஷிஃப்டில் இன்னொருவன் மட்டும்தான். பேச்சிராஜா. பின்பக்கம் உளுந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன்.

"நான் பட்டனைத் தொடவே இல்ல" என்றான். எல்லோரிடமும் அதையே சொன்னான். பூட்ஸைப் பார்க்காமல் அமுக்கிவிட்டான் என்று கேஸ் எழுதினார்கள். பூட்ஸை போலீஸ் எடுத்துப்போனது.

இதெல்லாம் ஜனவரியில். நான் சொல்லவந்தது போன வாரம் நடந்தது.

அந்தக் கேஸில் தாணே கோர்ட்டில் சுதன் சாட்சி சொல்ல வேண்டும். முந்தின ராத்திரி போன் வந்தது. ஆபரேட்டர் ஷாகுல் ஹமீது.

"சுதன் அண்ணே, மூணாவது தொட்டி ஓட மாட்டேங்குது. காலி இல்லைன்னு காட்டுது."

"தண்ணி நிக்கும். வடிச்சு விடு."

"காஞ்சு கெடக்குண்ணே. நான் பாத்துட்டேன்."

"எவ்வளவு காட்டுது?"

"அம்பத்தெட்டு புள்ளி நாலு."

சுதன் பேன்ட் மாட்டிக்கொண்டு கிளம்பினான். அதுதான் அந்த இரண்டு ஐம்பது, அந்தச் சாலை.

உள்ளே புளித்த மாவு வாடை. அதற்கு மேல் பிளீச்சிங் பவுடர். அலமாரிக்குள் சின்ன ஃபேன் ஓடும் சத்தம். திரையில் மஞ்சள் எழுத்து: டேங்க் நாட் எம்ப்டி. ஏணியேறி டார்ச் அடித்துப் பார்த்தான். ஸ்டீல். பிளேடு. அடியில் அவன் முகம் மட்டும் கோணலாகத் தெரிந்தது.

இருபது கிலோ படிக்கல்லை உள்ளே இறக்கினான். எழுபத்தெட்டு புள்ளி நான்கு. எடுத்தான். ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு. சென்சாரில் பழுதில்லை.

பிறகுதான் கவனித்தான். எண் நிற்கவில்லை. ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு... மூன்று... ஐந்து... நான்கு. இரும்பையோ மாவையோ வைத்தால் எண் அசையாமல் நிற்கும். ஆள் ஏறி நின்றால்தான் இப்படி ஆடும். மூச்சு விடுவதால்.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. பயந்தாயா என்று பிறகு நான் கேட்டேன். இல்லை என்றான். ஒன்றுமே தோன்றவில்லை என்றான்.

முதலாளி போனில் வந்தார். "அஞ்சு மணிக்கு வண்டி கிளம்பணும். ஜீரோ பண்ணி ஓட்டுப்பா. நீதானே முன்னாடி ஏதோ பண்ணி வச்சிருந்தே?"

சுதன் லேப்டாப்பைத் திறந்தான். அந்த வரி அவனுக்கு மனப்பாடம். எழுதினான். அனுப்பினான். அலமாரிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். எண் பூஜ்யம் ஆனது. ஆடவில்லை. மாவு இறங்கியது. பிளேடு சுற்றியது.

"ஏணியடிய ஒரு தடவ பாத்துட்டு அமுக்கியிருக்கலாம்லாண்ணே" என்றான் ஷாகுல் ஹமீது. சுதன் திரும்பிப் பார்த்தான். தரை ஈரம். வேறொன்றும் இல்லை.

நாலரைக்கு மாவு முழுவதும் வெளியேறியது. காலித் தொட்டி பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை. மைனஸ் ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு.

"அப்படின்னா?" நகுல் கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"பூஜ்யம்னு வச்சப்ப உள்ள இருந்தது, இப்ப உள்ள இல்ல."

"மாவோட போயிருச்சா?"

"மாவு பாக்கெட்டை எடை போட்டுப் பாத்திருக்காங்க. ஒரு கிராம் கூடல."

அவன் வீட்டுக்குப் போனான். காலியான சாலை. பைக்கின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. ஸ்பீட் பிரேக்கரில் சைலன்சர் தரையில் உரசியது... கர்ர் என்று. தனியாகப் போகும்போது அந்த பைக் உரசாது. தங்கச்சி பின்னால் உட்கார்ந்தால் உரசும். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் சூடு இல்லை, குளிரும் இல்லை என்றான். பிளீச்சிங் பவுடர் வாடை மட்டும் கூடவே வந்திருக்கிறது.

குளித்தான். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினான். கோர்ட்டுக்குப் போனான்.

பேச்சிராஜா கூண்டில் நின்றான். மெலிந்திருந்தான். சுதனைப் பார்த்துக் கும்பிட்டான். வக்கீல் கேட்டார்: அந்த இயந்திரம் தானாக ஓட வாய்ப்பு உண்டா? உண்டு என்றால் பேச்சிராஜா அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பான். சுதன் உள்ளே போயிருப்பான்.

"இல்லை" என்றான் சுதன். "எடை இருந்தால் ஓடாது."

அன்று சாயங்காலம் நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி ஸ்ரீதேவி ஆபீஸிலிருந்து இன்னும் வரவில்லை. இரண்டு கிளாஸில் டீ ஊற்றினான். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். ரயில் டைம் சொல்வதுபோலச் சொன்னான். டீ ஆறி ஆடை படிந்தது. கதவைச் சும்மா சாத்தியிருந்தோம்.

"நீங்க போயி சொல்ல வேண்டியதுதானே, அண்ணாச்சி?" நகுல் இடைமறித்தான். "அந்தப் பேச்சிராஜாவ விட்டுருவாங்கள்லா?"

"தீர்ப்பு அடுத்த மாசம்."

"அதான் கேக்கேன்."

"தங்கச்சி புருஷன்ல."

ஷகீல் பீடியைப் பற்றவைத்தான். இரண்டாவது குச்சியில்தான் பிடித்தது. பிள்ளையாருக்கு முன்னால் விளக்கு அசையாமல் எரிந்தது.

"அவ்வளவுதானா?" என்றான்.

இல்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சுதன் சொல்லி முடித்திருந்தான். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். வாசலில் என் செருப்பும் அவன் ஷூவும்தான். நான் வரும்போது பார்த்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

படியில் ஸ்ரீதேவியின் காலடி கேட்டது. மேலே வந்தாள். கதவு திறந்தது. அவள் உள்ளே வரவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு வாசலிலேயே நின்று, கீழே பார்த்தாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால் இருந்த அறையைப் பார்த்தாள்.

"ஏங்க... வாசல்ல ஈரமா வெள்ளை பூட்ஸ் கெடக்கே, சிவப்பு ஒட்டுப் போட்டு... யாரு உள்ள வந்திருக்கா?"